முப்பத்துநாலு மார்க்

எதிர்வீட்டு அம்மாளுக்கு இரண்டு பேரன்கள். மகன் பிள்ளை ஒருவன், மகள் பிள்ளை ஒருவன். இருவரும் எட்டாம் வகுப்பு. ஒருவன் அரசுப் பள்ளி, மற்றவன் தனியார் பள்ளி. அரையாண்டுத் தேர்வில் இருவருக்கும் கணக்கில் முப்பத்துநாலு. அந்த அம்மாள் இரண்டு மார்க் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"டீச்சர், ஒரே மார்க்குதானே ரெண்டு பேருக்கும்? இவனுதுல சிவப்பு மையில கோடு போட்டிருக்காங்க, அவனுதுல ஒண்ணும் இல்ல. எந்தப் பள்ளிக்கூடம் தப்பாப் போட்டிருக்கு?"

இரண்டும் சரியாகத்தான் போட்டிருந்தன. அரசுப் பள்ளிப் பையன் சி.பி.எஸ்.இ.; அங்கே 33 எடுத்தால் பாஸ். தனியார் பள்ளிப் பையன் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், அங்கே 35. நடுவில் அகப்பட்ட முப்பத்துநாலு ஒரே வீட்டில் ஒருவனைப் பாஸாக்கி, ஒருவனை ஃபெயிலாக்கிவிட்டது. இதே மார்க்கை ஒரு பிள்ளை பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் எடுத்திருந்தால் 20-க்கு 7 கூட இல்லை; ஆனாலும் கவலையில்லை. அங்கே பாடத்துக்குப் பாடம் தனிக் கோடு கிடையாது. எல்லாம் சேர்த்துச் சராசரி 10 வந்தால் போதும். கணக்கில் விட்டதை இலக்கியத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். அந்த அம்மாள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஒரு பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகலாமா கூடாதா என்பதைப் பிள்ளையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்று ஊர் நம்புகிறது. நானும் நம்பித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

*

எங்கள் ஊர் கணக்கே தனி. 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு மண். முதலியார்பேட்டை தனிக் கொம்யூன், அதாவது நகராட்சி. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அதன்பின் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பிடித்துக்கொண்டன. மாஹே கேரளத்தை, ஏனாம் ஆந்திரத்தை. ஒரே அரசாங்கம், மூன்று மாநிலத்துப் பரீட்சைகள். 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே தன் பாட்டுக்குப் பாரிஸ் பார்த்து நடந்துகொண்டிருந்தது. 2023-24-இல் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. ஆக, இந்தச் சின்ன ஊரில் ஒரு பிள்ளை தேறினானா இல்லையா என்று சொல்ல எப்போதுமே ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல் இருந்திருக்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் சொல்தா என்போம். அந்த வீட்டுப் பையன் லிசேயில் படித்தான். ஒரு கோடை விடுமுறையில் அவன் அம்மா பெருமையாகச் சொன்னார்: "ஆறாவது பாஸ் பண்ணி அஞ்சாவது போறான்." எங்கள் அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாஸ் ஆயி யாராவது கீழ போவாங்களா?" பிரெஞ்சுக்காரர்கள் மேல்வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறாவது, ஐந்தாவது என்று இறங்கி முதலாவதுக்கு வந்து, அதற்கும் அடுத்த வகுப்பில் பள்ளி இறுதித் தேர்வான பக்கலொரேயா எழுதவேண்டும். அங்கே ஒருவனை நிறுத்துவதா அனுப்புவதா என்பதை வகுப்பு ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். பக்கலொரேயாவில் சராசரி 8-க்கும் 10-க்கும் நடுவில் நின்றுவிட்டால் சில நாளிலேயே வாய்மொழித் தேர்வு வைத்து இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்கள்.

*

தாத்தா 1905-இல் பிறந்தவர். முதலில் திண்ணைப் பள்ளி, பிறகு பிரெஞ்சு சர்க்கார் பள்ளி, பிறகு ரோடியர் மில். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுவார்.

திண்ணைப் பள்ளியில் எந்த வகுப்பு படித்தாய் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. அங்கே வகுப்பு இல்லை, வருஷமும் இல்லை. மணலைப் பரப்பி விரலால் எழுதவேண்டும். அரிச்சுவடி கைக்கு வந்தால் ஆத்திசூடி. அதுவும் மனப்பாடமானால் கொன்றைவேந்தன். கணக்கில் எண்சுவடி, காணி, மா, முந்திரி என்று கீழ்வாய் இலக்கம். மணலில் கை படிந்த பிறகுதான் ஓலையோ பலகையோ. அந்த நாளில் வீட்டிலிருந்து பொரிகடலை வரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு. சித்திரையில் சேர்ந்தவன் ஆடியில் மணலை விட்டு எழுந்திருப்பான். பக்கத்தில் இருந்தவன் தை வரை உட்கார்ந்திருப்பான். அவனை ஃபெயில் என்று யாரும் சொல்லவில்லை. இன்னும் மணலில் இருக்கிறான், அவ்வளவுதான்.

திண்ணையைப் பொற்காலமாகப் பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தாத்தா முழங்காலில் பிரம்புத் தழும்பு இருந்தது. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். எல்லாவற்றுக்கும் மேலே, சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏறவே வழியில்லை. பாஸும் ஃபெயிலும் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு மட்டுமான பேச்சு.

ஆனாலும் அந்த மணலுக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படியே செய்தார். தேர்ந்த பையன் தேராதவனுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையையும் ஏற்படுத்தி, 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அந்த முறையிலும் ஒருவன் மேல்வரிசைக்குப் போக வருஷக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை. கற்றவன் அன்றைக்கே ஏறுவான், சறுக்கினவன் இறங்குவான்.

வருஷத்துக்கு ஒரு நாள், எல்லாருக்கும் ஒரே தேர்வு என்பது பணத்தோடு வந்தது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ ஒரு விதி கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் அரசு மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. அந்தப் 'பலனுக்கேற்ற மானியம்' அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிள்ளை தேறினால் பள்ளிக்குக் காசு. அப்போதிருந்து பாஸ் என்ற சொல்லை வாத்தியாரின் வயிற்றிலிருந்து பிரிக்க முடியாமல் போனது. 1911-இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தபோது பாதை முழுமையானது: கடைசிப் படியில் ஒரு பெரிய பரீட்சை, அதை நோக்கி ஏற ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னப் பரீட்சை.

ஏறியவர்கள் எத்தனை பேர்? 1929-இல் ஹார்டாக் குழு கொடுத்த கணக்கு பிரிட்டிஷ் இந்தியாவுக்கானது. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்தவர்கள் 100 பேர் என்றால், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18. மற்றவர்கள் ஒன்று நின்றுவிட்டார்கள், அல்லது நிறுத்தப்பட்டார்கள். குழு இதற்கு வைத்த பெயர்கள் விரயம், தேக்கம். தேங்கியது குட்டைத் தண்ணீர் மாதிரியும், விரயமானது கஜானாப் பணம் மாதிரியும் ஒரு தொனி. பிள்ளைக்கு என்ன விரயமானது என்று அந்தச் சொற்களில் இல்லை.

தாத்தாவின் கதை எல்லைக்கு இந்தப் பக்கம். பிரெஞ்சுப் பள்ளியில் அவர் செர்த்திபிக்கா வரை போனார். தொடக்கக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு அது. பிரான்சில் 1882-இன் கட்டாயக் கல்விச் சட்டத்தோடு நிலைத்து, 1989-இல்தான் முடிவுக்கு வந்தது. அங்கே அதன் பெயர் சொன்னாலே கிழவர்கள்கூட நடுங்குவார்களாம். காரணம் திக்தே. ஆசிரியர் வாசிக்க வாசிக்க எழுதவேண்டும்; ஐந்து பிழை வந்தால் பூஜ்யம், பூஜ்யம் வந்தால் தேர்வே போச்சு. "முசே படிச்சாரு. காதுல விழுந்ததுல பாதி, சத்தமே வராத எழுத்து. நாலு தப்பு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணல" என்பார் தாத்தா. மறு வாரம் ரோடியர் மில்லில் நூல் பிரிவுக்குப் போனார். கணக்கில் அவர் புலி. வட்டியை முந்திரி பிசகாமல் வாயால் சொல்லுவார். பிரெஞ்சில் சத்தமில்லாமல் வரும் எழுத்துகள் அவரைத் தறிப்பக்கம் தள்ளின.

எங்கள் ஊர்க்காரர் பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியர். புரட்சிக்கவிஞருக்கும் மார்க் போடும் வேலை இருந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

*

முதலியார்பேட்டையில் ஃபெயில் என்ற சொல்லுக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு பொருள் இருந்தது. அது மில் சங்கு.

1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையை நாங்கள் யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. ரோடியர் மில், அல்லது ஏ.எஃப்.டி. ஊரில் அது தவிர சவானாவும் கெப்ளேயும். 1936 ஜூலை 30-இல் சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் சுடப்பட்டுச் செத்ததும், அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலை வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளும் வரலாறு. சங்கு ஊதுவதை வைத்துத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள்.

பையன் ஃபெயிலானால், "விடு, பதிலியா சேர்த்துவிடலாம்." நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவன் இடத்தில் வேலை செய்கிறவன் பதிலி. சில வருஷம் கேட்டில் நின்றால் ஒரு நாள் பெயர் பதிவாகும். படிப்பு கைவிட்டவனை மில் பிடித்துக்கொள்ளும். அதனால் பையன்களின் ஃபெயில் எங்கள் தெருவில் பெரிய துக்கமாக இருந்ததில்லை.

பெண்ணுக்கு மில் இல்லை. 1966-இல் என் அக்கா ஏழாம் வகுப்பு எழுதினாள். கடைசிப் பரீட்சை அன்று எல்லாரிடமும் ஒரு அஞ்சலட்டை வாங்கிக்கொள்வார்கள். நம் விலாசத்தை நாமே எழுதிக் கொடுக்கவேண்டும். மே மாதம் அது தபால்காரர் கையில் திரும்பி வரும். அக்காவின் அட்டையில் அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் எங்கள் விலாசம். திருப்பினால் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ரப்பர் ஸ்டாம்பில் இருந்தன. அதில் 'புரமோட்டட்' என்பதை மையால் அடித்திருந்தார்கள். 'டீடெய்ன்ட்' மட்டும் மிச்சம்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அட்டையை மில்லுக்கு எடுத்துப்போய் ஆபீஸ் கிளார்க்கிடம் காட்டினார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "ஒரு வருஷம் திரும்பப் படிக்கணுமாம்." அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஒரு வருஷமா?" அடுத்து நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அக்காவுக்குப் பதின்மூன்று. அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் உபரியாக இல்லை. ஜூனில் நாங்கள் பள்ளிக்குப் போனோம். அக்கா கன்னியர் மடத்துக்குப் பூவேலை கற்றுக்கொள்ளப் போனாள்.

எந்தப் பாடத்தில், எத்தனை மார்க்கில் போனது என்று அட்டையில் இல்லை. அப்பா போய்க் கேட்கவுமில்லை. இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

*

நான் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யூ.சி. முடித்து, பாரதிதாசன் மகளிர் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1981-இல் ஆசிரியையானேன். அந்த அஞ்சலட்டையின் மறுபக்கம் எப்படித் தயாராகிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஆசிரியர் அறையில் நீள மேசையைச் சுற்றி உட்காருவோம். நடுவில் மார்க் ரிஜிஸ்டர். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. 35-க்குக் கீழே சிவப்பு மை. பிறகு ஆரம்பிக்கும் பேரம். மீன் மார்க்கெட் தோற்கும்.

"இவ தமிழ்ல 33. ரெண்டு தள்ளிவிடுங்க அய்யா."

"போன வருஷமே ஒரு தடவை நின்னவ. இன்னொரு தடவைன்னா வரமாட்டா."

"எட்டாவதுல பெஞ்சே இல்ல. எத்தனை பேரை அனுப்பறீங்க?"

கடைசியாகச் சொன்னது தலைமையாசிரியர். பெஞ்சு எத்தனை, செக்‌ஷன் எத்தனை, ஆசிரியர் பணியிடம் எத்தனை என்பதெல்லாம் சேர்ந்துதான் எத்தனை பேர் தேறினார்கள் என்பதை முடிவு செய்தது. 29-ஐ 35 ஆக்குவதற்குத் தனிக் கைத்திறன் வேண்டும். இரண்டை மூன்றாக்குவது எளிது. ஒன்பதை ஐந்தாக்கத்தான் பேனா பழகியிருக்கவேண்டும். நான் பழகினேன். கருணை மதிப்பெண் என்று அதற்குப் பெயர்.

ஒரு வருஷம் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி 29, ஒருத்தி 31. இருபத்தொன்பதைத் தள்ளிவிட்டேன், ஏனென்றால் அவள் நோஞ்சான், இரண்டு மாதம் டைபாய்டில் கிடந்தவள். முப்பத்தொன்றை நிறுத்தினேன். நல்ல மூளை, கொஞ்சம் சோம்பல். ஒரு வருஷம் இருந்தால் பிரகாசிப்பாள் என்று நிஜமாகவே நினைத்தேன். தள்ளிவிட்டவள் எட்டாவதில் பின்னக் கணக்கு வராமல் வருஷம் பூராவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தியவள் ஜூனில் வரவில்லை. ஆகஸ்டில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மேல் நானே கோடு போட்டேன். அந்தக் கோடும் சிவப்புதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது திண்ணையில் அக்கா யாருடைய ரவிக்கைக்கோ பூ போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

*

2010 ஏப்ரல் 1-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தக்கூடாது, வெளியேற்றக்கூடாது என்றது. எட்டாம் வகுப்புவரை எல்லாரும் மேலே. எங்கள் நீள மேசை பேரம் ஒரே நாளில் நின்றது. சிவப்புப் பேனாவை மேசை டிராயரில் போட்டேன்.

ஆல் பாஸ் என்று ஏளனம் செய்தவர்களில் எங்கள் ஆட்களே அதிகம். "படிக்காட்டியும் பாஸ்னா யாரு படிப்பா?" என்றார்கள். எட்டாவதில் வகுத்தல் தெரியாத பிள்ளைகளை நானும் பார்த்தேன். முன்பு தெரியாதவர்கள் ஏழாவதோடு காணாமல் போனார்கள். இப்போது எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். சட்டத்தின் அர்த்தம், நிறுத்தாதே என்பது மட்டுமல்ல. அந்தந்த நாளில் எங்கே பிசகுகிறது என்று பார்த்துச் சரிசெய் என்பதும். முதல் பாதியை எல்லாரும் கேட்டோம். இரண்டாம் பாதிக்கு நேரமும் ஆளும் யாரும் தரவில்லை.

வடிகட்டி மட்டும் ஒரு படி ஏறிப்போய் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்ட ஆசைப்பட்ட சில பள்ளிகள், மே மாதம் பெற்றோரைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிடுங்க" என்றன. அந்த மாற்றுச் சான்றிதழில் ஒரு வரி உண்டு: மேல் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உடையவரா? 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்புவார்கள்.

2019 செப்டம்பரில் தமிழ்நாடு ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. 2020 பிப்ரவரி 4-இல் கைவிட்டது. அடுத்த மாதமே கொரோனா. ஒன்பது வரை எல்லாரும் பாஸ், பிறகு பத்தும் பாஸ். 2021-இல் பிளஸ் டூவுக்கே தேர்வு இல்லை. பத்தாம் வகுப்பில் பாதி, பதினொன்றில் 20, பன்னிரண்டின் செய்முறையிலும் அக மதிப்பீட்டிலும் 30 விழுக்காடு என்று மார்க் போட்டார்கள். தேர்வு இல்லாமல் சூரியன் உதிக்காது என்று நினைத்திருந்தோம். உதித்தது.

இதற்கிடையே ரோடியரின் சங்கு நின்றுவிட்டது. 2011-இன் தானே புயலில் அடிபட்ட ஆலை தட்டுத்தடுமாறி 2020-இல் அடியோடு மூடப்பட்டது. ஏ.எஃப்.டி. திடலில் இப்போது பொருட்காட்சி நடக்கிறது, கட்சிக் கூட்டம் நடக்கிறது. பிள்ளை ஃபெயிலானால் பிடித்துக்கொள்ள எங்கள் தெருவில் எதுவும் இல்லை. நிறுத்தலாமா வேண்டாமா என்ற வாதத்தை டெல்லியில் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் விதி வந்தது. ஐந்திலும் எட்டிலும் தேறாதவனுக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் போனால் அதே வகுப்பு. தமிழ்நாடு, எட்டுவரை நிறுத்தமாட்டோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டது. மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய எங்கள் ஊரில் திண்ணைதோறும் அதே பேச்சு.

நிறுத்துவது கெடுதல், தள்ளிவிடுவதும் கெடுதல். இரண்டையும் என் கையால் செய்து பார்த்துவிட்டேன். அந்த விதியில் எனக்குப் பிடித்தது அதன் இரண்டு மாதம். தாத்தாவின் மணல் மாதிரி: உனக்கு இன்னும் வரவில்லை, உட்கார், சொல்லித்தருகிறேன். ஒரு பின்னக் கணக்குக்கு ஒரு வருஷத்தைப் பிடுங்காத ஏற்பாடு. ஆனால் அந்த இரண்டு மாதம் ஏப்ரலும் மேயும் என்றால், பள்ளி பூட்டியிருக்கும். சொல்லித்தருவது யார்?

*

எதிர்வீட்டு அம்மாளிடம் இரண்டு விடைத்தாள்களையும் கேட்டு வாங்கினேன். முப்பத்துநாலும் முப்பத்துநாலும் ஒன்றல்ல. ஒருவனுக்குப் பின்னமே தெரியவில்லை. கீழே உள்ள எண்ணையும் மேலே உள்ள எண்ணையும் தனித்தனியாகக் கூட்டியிருந்தான். மற்றவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கணக்கை இங்கிலீஷில் கேட்டிருந்ததால் கேள்வி புரியாமல் விட்டிருந்தான். சிவப்புக் கோடு வாங்கியவன் யார், தப்பித்தவன் யார் என்று பார்த்தால் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. பின்னம் தெரியாதவன்தான் பாஸ்.

இப்போது இருவரும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் திண்ணைக்கு வருகிறார்கள். இங்கிலீஷ் புரியாதவன் பின்னம் தெரியாதவனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறான். நான் சும்மா இருக்கிறேன். நேற்று ஒரு ரொட்டியை எட்டாக வெட்டுகிற கணக்கில் இருவரும் மோதிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அக்கா வந்தாள். எழுபதைத் தாண்டியவள். கையில் இருந்த பூவேலைத் துணியை எட்டாக மடித்து, மூன்று மடிப்பை விரித்துக் காட்டி, "இவ்வளவுடா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டில் மூன்று. சரியான விடை.